கடற்பயணியின் பெட்டி

முதன்முறையாகக் கப்பலேறப் புறப்படுபவர் ஒருவரின் வீட்டிலே, பயண நாளுக்குப் பல நாள் முன்னதாகவே ஒரு பெட்டி வாய் திறந்தபடி கிடக்கும். ஆச்சி பனங்கட்டிக் குட்டான் இரண்டைக் கொண்டுவந்து அதனுள் வைப்பார். தாயார் மிளகாய்த்தூள்ப் பொதியொன்றையும் நல்லெண்ணெய்ப் போத்தலொன்றையும் வைப்பார். கடற்காற்றுக் குளிருமென்று ஒருவர் கம்பளிப் போர்வையைத் திணிப்பார். வெயில் சுடுமென்று மற்றொருவர் குடையைச் செருகுவார். ஈற்றிலே பெட்டி மூடமாட்டாது. பயணி அதன்மேல் ஏறியிருந்து ஒருவாறு பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் இட்டுக்கொள்வார். அந்தப் பெட்டியிலே எல்லாம் இருக்கும். ஆனால் வேண்டிய வேளையில் வேண்டிய பொருள் கைக்கு எட்டாது.

தரைவழியே செல்பவர் மறந்துவிட்ட பொருளை அடுத்த ஊர்க் கடையிலே வாங்கிக்கொள்ளலாம். வண்டியைத் திருப்பி வந்தும் எடுத்துப் போகலாம். நங்கூரம் தூக்கிய கப்பலிலே இருப்பவருக்கு இவ்விரு வசதியும் இல்லை. ஆகையினாற் கடற்பயணத்துக்குப் பெட்டி கட்டுவது மனிதர் நெடுங்காலமாகப் பட்டறிந்து பயின்ற ஒரு கலையாயிற்று. எவ்வளவு கொண்டு போவது என்பதைக் காட்டிலும், எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கப்பலின் அடித்தளத்துக்கு அனுப்புவது, எதை இழக்க ஒருப்படுவது என்னும் மூன்று வினாக்களே அக்கலையின் உயிர்நிலை என்பதை வரலாறு மீண்டும் மீண்டும் காட்டுகின்றது.

இவ்வுண்மையை விளக்கும் பழைய சான்றுகளுள் ஒன்று இலங்கைக் கரையிலிருந்தே தொடங்குகின்றது. கி.பி. 399ஆம் ஆண்டிலே சீன தேசத்துச் சாங்கான் நகரிலிருந்து பாகியன் என்னும் பௌத்த துறவி புறப்பட்டார். தம் நாட்டிலே துறவிகளின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய நூல்கள் குறைபட்டுக் கிடந்தமை கண்டு வருந்தி, அவற்றைத் தேடிப் பெறுவதற்காகவே அவர் பாலைநிலங்களையும் பனிமலைகளையும் கடந்து பாரத நாட்டை அடைந்தார். பின்னர்த் தாமிரலிப்தித் துறைமுகத்திலே வணிகக் கப்பலொன்றில் ஏறிப் பதினான்கு நாளில் இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

இலங்கையில் அவர் இரண்டு ஆண்டுகள் தங்கினார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே பச்சைக் கல்லாலான புத்தர் படிமத்தின் முன்னே ஒருநாள் அவர் நின்றபோது, வணிகர் ஒருவர் சீன நாட்டு வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைப்பதைக் கண்டார். வீட்டை விட்டுப் புறப்பட்டுப் பல ஆண்டுகளாயின; உடன் வந்தோரிற் சிலர் திரும்பிவிட்டனர், சிலர் இறந்துவிட்டனர். அந்தச் சிறு விசிறியைக் கண்ட மாத்திரத்தில் அவரையறியாமலே கண்ணீர் பெருகிற்று என்று அவரது பயணக் குறிப்புக் கூறுகின்றது. வீட்டிலிருந்து வந்த ஒரு பொருள், அதன் விலைக்கு மேலான ஏதோ ஒன்றைத் தன்னுள்ளே சுமந்து வருகின்றது என்பதை இதனினும் சுருக்கமாக எவர் சொல்ல முடியும்?

இத்தீவிலே அவர் தேடிய பொருள் கிடைத்தது. மகீசாசக மரபினரின் விநய நூலும், தீர்க்காகமம், சம்யுக்தாகமம் என்பனவும், சீனத்தில் அதுவரை கிடையாத வேறு நூலொன்றும் கைக்கெட்டின. அந்த ஏடுகளையும் சில திருவுருவங்களையும் சுமந்துகொண்டு இருநூற்றுக்கு மேற்பட்டோர் சென்ற பெரிய வணிகக் கப்பலொன்றில் ஏறினார். ஆபத்து வந்தால் உதவுமென்று சிறு கப்பலொன்றும் கயிற்றாற் பிணைக்கப்பட்டுப் பின்னால் வந்தது. ஓரிரு நாட்கள் நல்ல காற்று வீசிற்று. பின்னர்ப் புயல் எழுந்தது. கப்பலிலே ஓட்டை விழுந்து நீர் புகுந்தது. வணிகர்கள் சிறு கப்பலுக்குத் தாவ முற்பட்டனர். அதிலிருந்தோர் ஆட்கள் மிகுந்தாற் கப்பல் தாழுமென்று அஞ்சிக் கயிற்றை வெட்டிவிட்டனர்.

அப்பொழுது வணிகர்கள் தம் சரக்குகளை அள்ளிக் கடலில் எறியத் தொடங்கினர். பாகியனும் தமது நீர்க்குடத்தையும் கழுவு பாத்திரத்தையும் வேறு சில பொருள்களையும் எடுத்து எறிந்தார். ஏடுகளையும் படிமங்களையும் பிறர் பிடுங்கி எறிந்துவிடுவாரோ என்பதொன்றே அவரது அச்சம். அவலோகிதேசுவரரை நினைந்து வேண்டியபடி அவற்றைக் காத்து நின்றார். பதின்மூன்று இரவும் பகலும் அலைக்கழிந்தபின் ஒரு தீவின் கரையிலே கப்பல் ஒதுங்கிற்று. ஓட்டையை அடைத்துக்கொண்டு மீண்டும் ஓடித் தொண்ணூறு நாளின் பின் சாவகத்தை அடைந்தனர்.

சாவகத்திலிருந்து அவர் ஏறிய இரண்டாவது கப்பல், பயணிகள் பெட்டி கட்டும்போது நினைவிற் கொள்ள வேண்டிய மற்றொரு பாடத்தைத் தருகின்றது. ஐம்பது நாளுக்கு வேண்டிய உணவும் நீருமே அதில் ஏற்றப்பட்டிருந்தன. புயலினாற் திசை தப்பி எழுபது நாளாகியும் கரை காணவில்லை. உப்பு நீரிலே சமைத்தனர்; குடிநீரை ஆளுக்கு இவ்வளவென அளந்து கொடுத்தனர். ஈற்றில் கி.பி. 412ஆம் ஆண்டிலே சாண்டுங் கரையில் ஒதுங்கினர். கணக்கிட்ட நாளுக்கு மட்டும் பொருள் எடுத்துச் செல்பவர் கடலின் மனப்போக்கைக் கணக்கிடாதவர்.

நீர்க்குடம் கடலடியிற் போயிற்று. ஏடுகள் சீனத்தை அடைந்தன. மகீசாசக விநயம் பாகியனின் மறைவுக்குப் பின்னர்ச் சீன மொழியிற் பெயர்க்கப்பட்டது. அந்த மரபின் விநய நூல் முழுமையாக இன்று எஞ்சியிருப்பது அச்சீன மொழிபெயர்ப்பிலேதான். புயலின் நடுவே எதை எறிவது, எதை அணைத்துக்கொள்வது என்பதை அத்துறவி முன்கூட்டியே தம் உள்ளத்திலே தீர்மானித்திருந்தமையால் ஒரு நூல் உலகுக்கு எஞ்சிற்று.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின், பெட்டி கட்டுதல் ஓர் அரசாங்கத்தின் கவலையாகவும் ஆயிற்று. 1840ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு குடியேற்ற ஆணையாளர் குழுவொன்றை அமைத்து, ஏழைக் குடும்பங்களை அவுஸ்திரேலியாவுக்கு அரசாங்கச் செலவில் அனுப்புவதை அதன் பொறுப்பிலே விட்டது. பாய்க்கப்பலிலே அப்பயணம் மூன்று, நான்கு மாதம் நீடிக்கும். இடைநடுவே துணி வாங்க வழியில்லை; நன்னீரிலே தோய்க்கவும் வழி அரிது. எனவே கப்பலேறுவோர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டிய குறைந்தளவு உடைகளை ஆணையாளர் விதித்தனர். ஆணுக்குச் சட்டை ஆறு, காலுறை ஆறு சோடி, சப்பாத்து இரண்டு சோடி, மேலுடை முழுத் தொகுதி இரண்டு. பெண்ணுக்கு உள்ளங்கி ஆறு, கம்பளிப் பாவாடை இரண்டு, காலுறை ஆறு சோடி, சப்பாத்து இரண்டு சோடி, மேலங்கி இரண்டு. துறைமுகத்திலே பெட்டியைத் திறந்து பார்த்த பின்னரே ஏறவிடுவர்.

இவ்விதி அழகுக்காக ஏற்பட்டதன்று. அழுக்குடையிலே பேன் பெருகும். பேனினாலே கொடிய காய்ச்சல் பரவும். 1847ஆம் ஆண்டிலே அயர்லாந்துப் பஞ்சத்துக்குத் தப்பிக் கனடாவுக்குக் கப்பலேறியோர் ஆயிரக்கணக்கில் அக்காய்ச்சலுக்கு இரையாயினர். பேனே அதனைச் சுமந்து செல்கின்றது என்பதை மருத்துவர் அக்காலத்தில் அறிந்திலர். ஆயினும் தூய்மையான கப்பலிலே சாவு குறைவு என்பதை அனுபவம் உணர்த்தியது. ஆறு சட்டை என்பது ஆறு வாரத்து உயிர்க்காப்பு.

1848 முதல் 1850 வரையான காலத்திலே அயர்லாந்தின் ஏழையர் இல்லங்களிலிருந்து 4,000க்கு மேற்பட்ட அநாதைப் பெண்கள் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டனர். பஞ்சத்திலே எல்லாம் இழந்த அவர்களுக்கென்று எடுத்துச் செல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஒவ்வொருத்திக்கும் பூட்டும் சாவியுமுள்ள மரப்பெட்டியொன்று செய்து, அதன் முகப்பிலே அவளது பெயரை எழுதி, விதித்த உடைகளை உள்ளே அடுக்கிக் கொடுத்தனர். தன் பெயர் எழுதிய ஒரு பொருளைத் தனக்கென்று பூட்டி வைப்பது அப்பெண்களிற் பலருக்கு வாழ்க்கையிலே அதுவே முதன்முறையாக இருந்திருக்கும்.

அத்தகைய கப்பல்களிலே வேறொரு நல்ல வழக்கமும் வேரூன்றிற்று. பயணிகளின் மூட்டை முடிச்சுகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 'பயணத்திலே வேண்டப்படுவது' என்று எழுதப்பட்ட பெட்டிகள் சில வாரத்துக்கு ஒருமுறை மேல்தளத்துக்குக் கொண்டுவரப்படும். பயணிகள் திறந்து, அழுக்குடையை உள்ளே வைத்துத் தோய்த்த உடையை எடுத்துக்கொள்வர். 'பயணத்திலே வேண்டப்படாதது' என்று எழுதப்பட்டவை கரை சேரும்வரை அடித்தளத்திலேயே கிடக்கும். நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. எந்தப் பெட்டியின்மேல் எந்தச் சீட்டை ஒட்டுவது என்று தீர்மானிப்பதற்குள் பயணியின் அறிவு முழுவதும் சோதிக்கப்பட்டுவிடும்.

பிழைப்புக்காகவும் புகலிடத்துக்காகவும் கடலோடியவர்கள் இவர்கள். இன்பத்துக்காகவே கடலோடும் வழக்கமும் அதே நூற்றாண்டிலேதான் தோன்றிற்று. 1844ஆம் ஆண்டிலே பி. அன்ட் ஓ. கம்பனியார் மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் உல்லாசப் பயணங்களைத் தொடங்கினர். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே அதிற் சென்று ஒரு நூலும் எழுதினார். 1867ஆம் ஆண்டு யூன் மாதத்திலே நியூயோர்க்கிலிருந்து 'குவேக்கர் சிற்றி' என்னும் நீராவிக் கப்பல் ஐரோப்பாவுக்கும் கீழைத் தேசத் திருத்தலங்களுக்கும் புறப்பட்டது. கட்டணம் ஆளொன்றுக்கு 1,250 டொலர். பத்திரிகை நிருபராக அதில் ஏறிய மார்க் ட்வெயின், பின்னர் எழுதிய நூலினால் அப்பயணத்தை உலகறியச் செய்தார்.

அப்பயணத்தை ஒழுங்கு செய்தவர்கள் பயணிகளுக்கு வழங்கிய அறிவித்தலிலே, கொண்டுவர வேண்டிய பொருள்களின் விவரம் உண்டு. கப்பலிலே பொழுதுபோக்க இலகுவான இசைக்கருவிகள், சிரியா நாட்டிலே குதிரையேறச் சேணம், கண்கூச்சத்துக்குப் பச்சைக் கண்ணாடியும் குடையும், எகிப்துக்கு முகத்திரை, திருத்தலங்களிலே கரடுமுரடான வழிகளில் நடக்க உறுதியான உடை, வழிகாட்டி நூல்களும் விவிலியமும். இதனை இன்று படிப்போர் புன்னகை பூப்பர். எனினும் இப்பட்டியல் அறிவுடையது. கப்பலுக்கு எது வேண்டும், ஒவ்வொரு கரைக்கும் எது வேண்டும் என்று அது தனித்தனியே எண்ணிப் பார்த்துள்ளது. பயணத்தில் வாங்கும் அரும்பொருள்களைக் கட்டணமின்றித் திரும்ப ஏற்றி வரலாம் என்றும் அறிவிப்பிலே கூறப்பட்டிருந்தது. போகும்போதே பெட்டியை நிரப்பிவிட்டவர் திரும்பும்போது என்ன செய்வார்?

1869ஆம் ஆண்டிலே சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டிலே கொழும்புத் துறைமுகத்து அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது; காலித் துறைமுகத்திலே தங்கிச் சென்ற பெருங்கப்பல்கள் நாளடைவிற் கொழும்பை நாடின. ஆசிய நாட்டு இளைஞர் மேற்கு நோக்கிக் கப்பலேறும் காலம் பிறந்தது. அவர்களுக்கு வழிகாட்ட முன் சென்றோர் அதிகமில்லை. ஆகவே அவர்கள் பெட்டிகளிலே பிழைகளும் புகுந்தன.

1888ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி, பதினெட்டு வயது நிரம்பிய மோகன்தாஸ் காந்தி சட்டம் பயிலப் பம்பாயிற் கப்பலேறினார். ஊன் உண்பதில்லையென்று தாயாருக்கு வாக்களித்திருந்தார். மேசையிலே பரிமாறப்படும் உணவில் எது புலால் கலவாதது என்று கேட்கக் கூச்சம். எனவே வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்புகளும் பழங்களுமே பெரும்பாலும் அவருக்கு உணவாயின. அந்தப் பொதி ஒரு வாக்குறுதியைக் காத்தது எனலாம்.

ஆனால் உடை விடயத்திலே அவர் தவறினார். கப்பலிற் கறுப்புடை அணிந்திருந்தவர், கரையிறங்கும் நாளுக்கென்று நண்பர்கள் வாங்கித் தந்த வெள்ளைக் கம்பளியுடையைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். வெண்மையே தமக்கு எடுப்பாயிருக்கும் என்பது அவரது எண்ணம். செப்டெம்பர் மாதக் கடைசியிலே, குளிர் தொடங்கிய இங்கிலாந்துக் கரையில், அத்தகைய உடையணிந்தவர் தாம் ஒருவரே என்பதை இறங்கியபின் கண்டார். மற்றவர்களைப் பார்த்துத் தாமும் பெட்டிகளையெல்லாம், சாவிகளோடு, முகவர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அன்று சனிக்கிழமை, அடுத்த நாள் ஞாயிறு, திங்கட்கிழமைக்கு முன் பெட்டி வராது என்று இலண்டன் விடுதியிலே அறிந்தபோது அவருக்குண்டான மனவேதனையைச் சுயசரிதையிலே ஒளியாது எழுதியுள்ளார். மாற்றுடை ஒன்று கையிலே இருந்திருப்பின் அந்த இரண்டு நாளும் அவ்வாறு கழிந்திரா.

ஐந்து ஆண்டுகளின் பின், 1893ஆம் ஆண்டு மே மாத இறுதியிலே, சுவாமி விவேகானந்தர் பம்பாயிலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அவரது கப்பல் கொழும்பிலே ஏறத்தாழ ஒரு பகல் தங்கிற்று. நகருள்ளே சென்று, சயன நிலையிலுள்ள பெரிய புத்தர் படிமத்தை அவர் தரிசித்தார். தண்டும் கமண்டலமுமாகப் பாரதமெங்கும் நடந்த துறவிக்குப் பெட்டிகளைக் காத்து நிற்பதே பெருந்தொல்லையாயிற்று. இத்தனை பெட்டிகளிருந்தும், யப்பானிலிருந்து வடபசிபிக் கடல்வழியே வான்கூவருக்குச் சென்றபோது, குளிருக்கேற்ற உடையின்றி மிகவும் வருந்தியதாகச் சென்னை அன்பர் அளசிங்கப்பெருமாளுக்கு எழுதினார். கோடையிலே புறப்பட்டவருக்கு அவர் செல்லும் கடலின் குளிரை முன்கூட்டி நினைந்து பார்த்தவர் எவருமில்லை.

மிகச் சிறிய பொருளும் எத்துணை பெரிதாகும் என்பதற்கு வயலட் ஜெசொப் என்னும் கப்பற் பணிப்பெண்ணின் வரலாறு சான்று. 1912ஆம் ஆண்டு ஏப்பிரலிலே 'டைற்றானிக்' மூழ்கியபோது உயிர் தப்பிய அவர், மீட்பு கப்பலிலே பல் துலக்கும் தூரிகை இல்லாது தவித்தார். 1916ஆம் ஆண்டு நவம்பர் 21ஆந் திகதி, அவர் பணிபுரிந்த 'பிரித்தானிக்' என்னும் மருத்துவக் கப்பல் ஈஜியன் கடலிலே கண்ணிவெடியால் தாக்கப்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கிற்று. கப்பலைவிட்டு நீங்குமுன் அவர் மறவாது எடுத்துக்கொண்டது அந்தத் தூரிகையை. முதற் பயணத்திற் பெற்ற பாடத்தை அவர் மறக்கவில்லை.

தபால் ஏற்றி வந்த பெரும் பயணிகள் கப்பல்களின் காலம் விமானங்களின் வரவோடு மறைந்தது. ஆயினும் உல்லாசக் கப்பல்கள் பெருகியுள்ளன. கொழும்புத் துறைமுகத்துக்கு அவை வந்து போகின்றன. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திலே சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்தது. இத்தகைய கப்பலில் முதன்முறையாக ஏறுவோருக்குப் பழைய பயணிகளின் அனுபவம் அப்படியே பொருந்தும்.

இக்காலத்திலும் துறைமுகத்திலே பெரிய பெட்டிகளைச் சுமைதூக்குவோரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவை பயணியின் அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் செல்லலாம். எனவே கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, பணம், மூக்குக்கண்ணாடி, அன்றாடம் உண்ணும் மருந்து, ஒரு மாற்றுடை, பல் துலக்கும் தூரிகை ஆகியவை தோளிலே தொங்கும் பைக்குள் இருத்தல் வேண்டும். மருந்தைப் பயண நாட்களுக்கு மட்டும் எண்ணி எடாது, சில நாளுக்கு மேலதிகமாகவும் எடுத்தல் நன்று. ஐம்பது நாள் உணவோடு எழுபது நாள் கடலில் நின்றவர்களை நினைத்துக்கொள்ளலாம். கப்பலறை சிறிது, கட்டிலின் கீழே நுழையக்கூடிய பெட்டியே உகந்தது. கடலின் மேல்தளத்திலே இராக்காற்றுக் குளிரும். கோவிலும் பள்ளிவாசலும் காணச் செல்லும் கரைகளிலே தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மின்னழுத்தி, மெழுகுதிரி போன்றவற்றைப் பல கப்பல்கள் ஏற்பதில்லை. நடுக்கடலிலே தீப்பற்றினால் ஓடி ஒதுங்க இடமில்லை. வீட்டிற் சமைத்த பண்டங்களையும் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை; ஆகையாற் புறப்படுமுன் அக்கப்பலின் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும்.

பயணத்தின் கடைசி இரவிலே கவனம் இன்னும் வேண்டும். பெட்டிகளை அன்றிரவே அறைவாசலிலே வைத்துவிடுமாறு கப்பற் பணியாளர் கேட்பர். விடியுமுன் அவை அகற்றப்பட்டுக் கரையிலேயே திரும்பக் கிடைக்கும். அவ்வேளை எல்லாவற்றையும் அடுக்கிப் பூட்டி வெளியே வைத்துவிட்டு, காலையில் உடுத்திறங்க உடையின்றி இரவுடையோடு திகைப்போர் இன்றும் உளர். 1888ஆம் ஆண்டிலே இலண்டன் விடுதியிலே ஓர் இளைஞர் பட்ட அதே இடர்தான் இது.

பெட்டியை மூடுமுன் பொருள்களை மூன்று குவியலாகப் பிரிப்பது நலம். கைவிட்டு நீங்கக் கூடாதவை ஒன்று. அடித்தளத்திற் கிடந்தாலும் குறையில்லாதவை மற்றொன்று. இல்லாமலே போய்வரக் கூடியவை மூன்றாவது. மூன்றாவது குவியலை வீட்டிலேயே விட்டுவிடலாம். முதலாவது குவியல் எவ்வளவு சிறிதாயினும், அதிலே என்ன இருக்கின்றதென்பதைப் பயணி தாமே ஆறியிருந்து தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்துக்கு உரிய இடம் வீடு. புயலடிக்கும் மேல்தளத்திலே அதற்கு நேரம் கிடைப்பதில்லை.